உப்பு டப்பா இருந்த இடம்

வார்டில் அவளுக்குச் ‘சக்கரம்’ என்று பெயர். நேரில் ‘சிஸ்டர்’, முதுகைத் திருப்பினால் ‘சக்கரம் வருது, டிரேயை மூடு.’ அவளுக்கும் இது தெரியும், வருத்தமில்லை. உட்காரத் தெரியாதவள் என்று சின்ன வயதிலேயே பெயர் வாங்கியாயிற்று. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் மூக்கைச் சிந்தும். இவளுக்கோ அங்கிருந்து தெரு முழுக்கத் தெரிகிறதே என்று உள்ளுக்குள் கொண்டாட்டம். நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போனதே, ‘நின்னுக்கிட்டே பாக்கற உத்தியோகம் வேற எதுவும் கிடைக்கல’ என்பதால்தான் என்று அவளுடைய அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். கல்யாண போட்டோவில் எல்லாரும் பளிச்சென்று விழுந்திருக்க, மணப்பெண் மட்டும் கலங்கலாக இருப்பாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் போட்டோவுக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி வைத்து, வருகிறவர்களிடமெல்லாம், “எம் பக்கத்துல நிக்கறது யாருன்னு எனக்கே சரியாத் தெரியல. புகை மாதிரி ஏதோ ஒண்ணு” என்பான்.

வார்டில் அவள் கட்டிக்காத்த சட்டம் ஒன்று உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மருந்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரே உயரம், ஒரே நிற மூடி, பெயரிலும் முக்கால்வாசி ஒன்று என்று இரண்டு குப்பிகள் வந்து சேர்ந்தால், ஒன்று மேல்தட்டில் இடது கோடிக்குப் போகும், மற்றது கீழ்த்தட்டில் வலது கோடிக்கு. நடுவில் பஞ்சும் கட்டுத்துணியும் காவல் இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், “ரெண்டும் ஒரே வகைதானே சிஸ்டர், சேத்து வெச்சா எடுக்க வசதியா இருக்குமே” என்பார்கள்.

“வசதியாத்தான் இருக்கும். தப்பா எடுக்க.”

கையைத் தூக்கினால் இது, குனிந்தால் அது. கண் ஏமாந்தாலும் இடுப்பு ஏமாறாது என்பது அவள் கணக்கு.

இந்த இடுப்புக் கணக்கை நம்பித்தான் முப்பத்தொன்பது வயதில் ஜெர்மன் மொழிக்குள் காலை வைத்தாள். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. முதலில் அவள் போவது, அடுத்த வருஷம் கணவனும் மகளும் போய்ச் சேர்ந்துகொள்வது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. நடுவே நின்றது மொழிப் பரீட்சை ஒன்றுதான். படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் முதல் தடவையே தேறிவிட்டாள். பேசுவதில் கவிழ்ந்தாள். அதை மட்டும் இன்னொரு தடவை கொடுக்கலாம். அதுவும் அடுத்த மாதக் கடைசிக்குள் தேறியாக வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் மிகவும் மரியாதையாகத் தெரிவித்துவிட்டார்கள். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதால்தான் அவள் அதை மூன்று தடவை படித்தாள்.

கவிழ்த்தவை இரட்டைப் பிள்ளைகள். லெர்னன் என்றால் கற்றுக்கொள்வது, லேரன் என்றால் கற்றுக்கொடுப்பது. ஹோரன் என்றால் காதால் கேட்பது. அதன் முன்னால் ஒரு ‘அவுஃப்’ வந்து ஒட்டிக்கொண்டால் நிறுத்துவது. ஃபெர்கெஸ்ஸன் மறப்பது, ஃபெர்கேபன் மன்னிப்பது. போன பரீட்சையில், வலியில் துடிக்கும் நோயாளி உங்களைத் திட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். ‘நான் அவரை மன்னித்துவிடுவேன்’ என்று சொல்ல நினைத்து, ‘நான் அவரை மறந்துவிடுவேன்’ என்று தெளிவாக, சிரித்த முகத்தோடு சொல்லி வைத்தாள். எதிரே இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

இவையாவது முகச்சாயலால் ஏமாற்றுகிறவை. சாயலே இல்லாத ஒரு ஜோடி இன்னும் பொல்லாதது. கென்னன், விஸ்ஸன். நமக்கு இரண்டுமே ‘தெரியும்’தான். ஆளைத் தெரியும், ஊரைத் தெரியும், வீட்டைத் தெரியும் என்றால் அவர்களுக்குக் கென்னன். அந்த ஆள் எங்கே போனார், எப்போது வருவார் என்று தெரியும் என்றால் விஸ்ஸன்.

“நம்மகிட்ட ஒரே ஒரு ‘தெரியும்’ இருக்கு, காலம் ஓடலியா? அவங்களுக்கு எதுக்கும்மா ரெண்டு?” என்று கேட்டாள் மகள். ஏழாவது படிக்கிறாள், வீட்டில் பெயர் வாலு.

“வசதியான நாடும்மா. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு வெளிய போட்டுக்க” என்றான் அப்பா.

ஜெர்மன் வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. கீழே டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் மேலே பாடம் நிற்கும். டீச்சருக்கு இவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. அந்தப் பெண் இவளை ‘அக்கா’ என்பாள், இவள் அந்தப் பெண்ணை ‘டீச்சர்’ என்பாள். போர்டில் நடுக்கோடு ஒன்று கிழித்து, இரட்டைச் சொற்களை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நிறுத்துவது டீச்சரின் வழக்கம்.

“அக்கா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மொகத்தைப் பாருங்க. அப்பதான் வித்தியாசம் பிடிபடும்.”

மற்றவர்களுக்குப் பிடிபட்டது. இவள் பக்கத்தில் உட்காரும் வெல்டர் தம்பி, வாயில் பாதி பிஸ்கட்டோடு கூடத் தப்பில்லாமல் சொன்னான். இவளுக்கு மட்டும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போயிருக்கும்.

ஆகவே வார்டுச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெள்ளைப் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதி, ஜோடிகளைப் பிரித்து, வீட்டில் ஒன்றுக்கொன்று கண்ணில் படாத இடங்களில் ஒட்டினாள். மனிதர்கள் வந்து நிற்கும் வாசல் கதவில் கென்னன். வீட்டின் அடுத்த கோடியில், சமையலறை மேல்தட்டில், கையை முழுக்க நீட்டினால் எட்டும் உப்பு டப்பாவின் மூடியில் விஸ்ஸன். தினமும் மறந்துவிட்டுப் போகிற குடை தொங்கும் ஆணியில் ஃபெர்கெஸ்ஸன். படுக்கையறையில் கணவனின் அலமாரிக் கதவில் ஃபெர்கேபன். குளியலறையில் வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயின் கழுத்தில், ‘நிறுத்து’ என்னும் அவுஃப்ஹோரன்.

“எல்லா எடத்தையும் விட்டுட்டு எதுக்கு என் அலமாரியில மன்னிப்பு?” என்றான் கணவன்.

“அங்கதாங்க அடிக்கடி வேண்டியிருக்கு.”

“குழாய்ல ஒட்டினது? எனக்கா, குழாய்க்கா?”

“குழாய்க்கு ஜெர்மன் தெரியாது. உங்களுக்குத் தமிழ்ல சொன்னாலும் ஏறல.”

அப்புறம் நடக்க ஆரம்பித்தாள். வாசலில் தொட்டு ஒரு வாக்கியம், ஹாலைக் கடந்து குடையைத் தொட்டு ஒரு வாக்கியம், சமையலறையில் கையைத் தூக்கி ஒன்று, குளியலறையில் குனிந்து ஒன்று. வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் தொடங்குவாள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மாடியேறி வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். சில வாரங்களில் சொற்கள் இருந்த இடத்தில் இருக்கத் தொடங்கின. விஸ்ஸன் வேண்டுமென்றால் தோள்பட்டை தானாக லேசாக உயரும், கை உப்பு டப்பாவைத் தேடும், சொல் வந்துவிடும்.

ஒரு குறைதான். வகுப்பில் பேசச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அக்கா, பரீட்சையில எதிர்ல இருக்கறவங்க கண்ணைப் பாத்துப் பேசணும். நீங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் எங்கியோ போயிட்டு வர்றீங்க.”

“சமையலறை வரைக்கும் போயிட்டு வரணுமே டீச்சர். கொஞ்சம் நேரம் ஆகுது.”

“வீட்டைக் கொஞ்சம் சின்னதாக் கட்டியிருக்கலாம்க்கா” என்றான் வெல்டர் தம்பி.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவளுக்கு டியூட்டி, கணவனுக்கு லீவு. சாயங்காலம் களைத்துத் திரும்பி, வழக்கம்போல வாசல் கதவில் கையை வைத்தாள். பிளாஸ்திரி இல்லை. வெறும் மரம். கதவு திறந்தது. தோளில் துண்டோடு கணவன் நின்றான். அவன் முகத்தில் பழுதான லிஃப்டை ஓட வைத்துவிட்ட நாளில் வருகிற வெளிச்சம்.

“கண்ணை மூடு. வாலு, அம்மா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வா.”

கண்ணைத் திறந்தபோது எதிரே, ஹாலின் நடுச்சுவரில், ஃப்ரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது. டிவி இடம் மாறியிருந்தது. குடை ஆணி இருந்த இடத்தில் ஒரு ஓட்டையும் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டும். சமையலறையில் மேல்தட்டு காலி. டப்பாக்கள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன. மகளின் மேஜை சமையலறை வாசலுக்கு வந்திருந்தது, அடுப்பைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பதற்காக.

“நீ போனப்புறம் நானும் இவளுந்தானே பாத்துக்கணும்? எல்லாம் உன் கைக்கு எட்டற மாதிரி இருந்துச்சு. இப்ப இவ கைக்கு எட்டற மாதிரி பண்ணிட்டேன். நீ கெளம்பற அன்னைக்கா கத்துக்க முடியும்? ஒரு ட்ரையல் பாத்துடணும்ல.”

“என் பிளாஸ்திரியெல்லாம்?” என்றாள்.

“ஒண்ணுகூடத் தொலைக்கல. நானா தொலைப்பேன்?” ஃப்ரிட்ஜின் மறுபக்கத்துக்கு அவளைத் திருப்பினான். பக்கவாட்டு முழுக்கப் பிளாஸ்திரிகள். மேலிருந்து கீழாக, வரி தப்பாமல், இரட்டை இரட்டையாக. லெர்னன் பக்கத்தில் லேரன். ஃபெர்கெஸ்ஸன் பக்கத்தில் ஃபெர்கேபன். “பசை போயிருந்துச்சு, புதுப் பசை போட்டேன். எது எதோட ஜோடின்னு வாலுதான் சொன்னா. உன் டீச்சரும் பக்கத்துல பக்கத்துல வைக்கத்தானே சொல்றாங்க?”

அவன் கருவிப்பெட்டியை அவள் பார்த்திருக்கிறாள். ஒரே அளவு போல்ட் ஒரு டப்பாவில், அதற்குரிய நட்டும் அதிலேயே. இருட்டில், லிஃப்ட் குழிக்குள் குனிந்து நின்று, ஒரே கையில் எடுக்க வேண்டும். சேர்ந்தது சேர்ந்ததோடு இருப்பதுதான் அவனுக்கு ஒழுங்கு. மூன்று வேளையும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, இத்தனை வருஷத்தில் இருவர் ஒழுங்கும் நேரெதிர் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

“யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?”

“இதுக்கு யாரைக் கேக்கணும்? எம் பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ண நான் மனு போடணுமா?”

“அது ஒவ்வொண்ணும் இருக்கற எடத்துலதாங்க எனக்கு வார்த்தை. இப்படி அள்ளி ஒட்டினா எனக்கு எது எதுன்னு தெரியும்?”

“பிரிச்சு வெச்சா எதுக்கு ஆகும்? நட்டு மொட்டை மாடியில, போல்ட்டு தெருவுல. நல்லா இருக்கு உன் மெஷின்.”

“நான் இன்னும் போகலைங்க!” என்று கத்தினாள். “டிக்கெட் எடுக்கல, பாஸ் ஆகல. அதுக்குள்ள என் வீட்டுல என் கைக்கு எட்டற தட்டு காலியா கெடக்கு.”

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். “சரி, எல்லாத்தையும் பழையபடி வெச்சுடறேன்” என்றான், வைக்கப் போகிறவன் குரலில் அல்ல. ஃப்ரிட்ஜை ஒற்றை ஆளாக நகர்த்தியதில் அவன் இடுப்பு பிடித்திருந்தது. அதை அவன் சொல்லாமலே அவள் கவனித்தாள், கோபத்துக்கு இடைஞ்சலாக.

மறுநாள் அவளுக்கு மத்தியானத்தோடு டியூட்டி முடிந்தது. வீட்டில் யாரும் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய், டப்பாக்களை ஒவ்வொன்றாக மேல்தட்டுக்கு ஏற்றத் தொடங்கினாள். பாதி ஏற்றியிருப்பாள், உப்பு டப்பா இன்னும் கண்ணில் படவில்லை, அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்துவிட்டாள். தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். டீ போட வேண்டும் அவளுக்கு, நேற்றுத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, நுனிவிரலில் எக்கித் தேயிலை டப்பாவைத் தொட்டாள். ஸ்டூலின் ஒரு கால் குட்டை. பக்கத்தில்தான் அடுப்பு.

அம்மா ஓடிப்போய் ஸ்டூலைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

“எறங்கு.”

“நானே எடுத்துடுவேம்மா.”

“எறங்குன்னா எறங்கு. அப்பா எங்க எங்க வெச்சாரோ, அங்கயே எல்லாத்தையும் வை. என்னைக் கேக்காதே.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். உள்ளே டப்பாக்கள் இறங்கும் ஓசை கேட்டது. அன்றைக்கு மாடிப்படியில் கீழும் மேலுமாக எத்தனை தடவை ஏறி இறங்கினாள் என்று கீழ்வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வாரம் முழுவதும் சமையலறைக்குள் அவளைச் சேர்க்கவில்லை. ‘ஒத்திகை’ என்றாள் மகள். முட்டை கருகியது, சோறு குழைந்தது, ஒருநாள் டீ கரித்தது. இவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். தலைக்குள் இரண்டு வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. கண்ணை மூடி ஹாலைக் கடந்தால் ஃப்ரிட்ஜில் இடித்துக்கொண்டாள். குடை ஆணியைத் தொடப் போனால் சிமெண்ட் பூச்சு. சமையலறை மேல்தட்டுக்கு மனசுக்குள் கையை நீட்டினால் வெறும் பலகை. வகுப்பில் ஒரு வாக்கியத்தின் நடுவே நின்று, இல்லாத எதையோ தேடுகிறவள்போல விரல்களை ஆட்டினாள். கீழே டயருக்குக் காற்றடித்து முடித்து, அந்தச் சத்தமும் ஓய்ந்துவிட்டது. இவள் இன்னும் வரவில்லை. டீச்சர் போர்டைத் துடைத்துவிட்டு, “பரவாயில்லக்கா, தப்பா வந்தாலும் சொல்லிடுங்க. நின்னுடாதீங்க” என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தில் கவலை தெரிந்தது. பாடம் சொல்லிக்கொடுக்கிறவளின் கவலை அல்ல, தங்கச்சியின் கவலை.

பரீட்சை நாள். ஒரு நீள அறை, ஜன்னலுக்குத் திரை, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு நரைத்தலைக்காரரும், கோப்பையில் எதையோ ஆற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியும். இவளோடு ஜோடியாக வெல்டர் தம்பியைப் போட்டிருந்தார்கள். தலைப்பு: வீட்டிலிருந்தே வேலை செய்வது நல்லதா? ஆளுக்கு ஒரு கட்சி எடுத்துப் பேச வேண்டும், பிறகு வாதாட வேண்டும். நோயாளிகளை வீட்டுக்குக் கூட்டிவர முடியாத நர்ஸும், இரும்பை வீட்டுக்குத் தூக்கிவர முடியாத வெல்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லது என்ற கட்சி அவனுக்கு, கூடாது என்ற கட்சி இவளுக்கு.

முதல் பாதி ஓடியது. உள்ளுக்குள் நடக்காமல், வழியில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினாள். அப்புறம் அவன் தன் கட்சிக்காகக் கேட்டான்: வீட்டிலேயே இருந்தால் வீட்டில் நடப்பது தெரியும், வெளியே போகிறவர்களுக்கு என்ன தெரியும்?

இதற்கு ‘தெரியும்’ வேண்டும். கண் தானாக மூடிக்கொண்டது. தோள் உயர்ந்தது. ஹாலுக்குள் நுழைந்தாள், ஃப்ரிட்ஜைச் சுற்றிக்கொண்டு போனாள், சமையலறை, மேல்தட்டு, கை நீட்டினாள். காலி. உப்பு டப்பா அங்கே இல்லை. எங்கே வைத்தார்கள்? அடுப்புக்குக் கீழேயா, கதவுக்குப் பின்னாலா? ஒரு வாரமாக அந்த வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டும் அதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. திடீரென்று அவளுக்குப் பயமாக இருந்தது. பரீட்சை பயம் இல்லை இது.

கண்ணைத் திறந்து, நேராக வெல்டர் தம்பியைப் பார்த்து ஜெர்மனில் சொன்னாள்: “என் வீட்டை எனக்குத் தெரியும். ஆனால் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.”

முன்னதற்குக் கென்னன் வந்திருந்தது, பின்னதற்கு விஸ்ஸன். எந்தக் கதவையும் தொடாமல், எந்தத் தட்டுக்கும் எக்காமல் வந்து நின்றன. பெண்மணி கோப்பையை ஆற்றுவதை நிறுத்தினாள்.

“எந்த உப்பு?” என்றான் அவன், அவனும் ஜெர்மனில்தான்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தான் வேலைக்குப் போயிருந்ததை, வீட்டில் இருந்தவர்கள் வீட்டையே மாற்றியதை, ஃப்ரிட்ஜ் ஹாலுக்கு வந்ததை, கரித்த டீயை, ஒன்று விடாமல் சொன்னாள். வீட்டில் இருக்கிறவருக்கு நேரம் இருக்கிறது. நேரம் இருந்தால் எதையாவது நகர்த்துவார். ஆகவே யாரும் வீட்டிலிருந்து வேலை செய்யக் கூடாது என்று மேஜையைத் தட்டினாள். உங்கள் கணவர் உதவி செய்திருக்கிறார், நீங்கள் அவரை மன்னிக்க வேண்டும் என்றான் அவன். மன்னிக்கலாம், மறக்க முடியாது என்றாள் இவள். ஓரிடத்தில் தன் மகள் டீ போடக் ‘கற்றுக்கொடுக்கிறாள்’ என்று சொல்லி, வார்த்தையைக் கடித்து நிறுத்தி, இல்லை இல்லை, ‘கற்றுக்கொள்கிறாள்’ என்று தானே திருத்தினாள். இலக்கணத்தில் அங்கங்கே ஓட்டை விழுந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. நேரம் முடிந்ததை நரைத்தலைக்காரர் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் வெல்டர் தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டான். “அக்கா, கடைசியில உப்பு எங்கதான் இருக்கு?”

“தெரியல தம்பி.”

முடிவு வந்தபோது அவள் மருந்து அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. பார்த்தாள். தேறிவிட்டாள், தாராளமாக இல்லை, ஆனால் தேறிவிட்டாள். போனைத் திரும்பப் பையில் போட்டு, கையிலிருந்த குப்பியைத் தட்டில் வைத்து, கதவைச் சாத்தி, நான்கடி நடந்த பிறகு சுரீரென்றது. ஓடிவந்து திறந்து பார்த்தால், குப்பி அதன் இரட்டையோடு தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தது. எடுத்து அதன் கோடிக்கு அனுப்பினாள். மற்றத் தட்டுகளையும் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை சரிபார்த்தாள்.

“கொஞ்ச நேரம் உக்காருங்க சிஸ்டர்” என்றாள் புதுப்பெண்.

உட்கார்ந்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது. உடனே எழுந்துவிட்டாள்.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் ஹாலில் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, வைத்ததை எடுத்து, எடுத்ததை வைத்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் குழாய் சொட்டவில்லை. அந்த வாரம்தான் கணவன் புது வாஷர் போட்டிருந்தான்.

“இத்தனை வருஷமாச் சொன்னேன், கேக்கல. நான் போறேன்னதும் ஒரு நாள்ல முடிஞ்சுதா?”

“சத்தம் இருந்தவரைக்கும் நீ திட்டிக்கிட்டு இருந்தே. இனிமே தனியா அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்றான், பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே.

அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் போய் நின்றாள். பிளாஸ்திரிகளில் ஒரு வரிசையை மட்டும் நகத்தால் நெம்பி எடுக்கத் தொடங்கினாள். புதுப் பசை, லேசில் வரவில்லை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அவள் பெட்டியின் மூடிக்குள் போய் ஒட்டிக்கொண்டது, மற்றது ஃப்ரிட்ஜிலேயே நின்றது.

“மறுபடியும் பிரிக்கறியா?” என்றான்.

“நீங்களும் அடுத்த வருஷம் படிச்சுத்தானே ஆகணும்? பாதி உங்களுக்கு.”

“மன்னிப்பை இங்கயே விட்டுட்டுப் போ. முட்டை கருகறது நிக்கற வரைக்கும் எனக்கும் வாலுக்கும் தெனம் தேவைப்படும்.”

விட்டாள். மறதியை எடுத்து, பெட்டியின் மூடியில் ஒட்டாமல், கொஞ்ச நேரம் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

“என்னம்மா வேணும்?” மகள் பின்னாலேயே வந்தாள்.

“ஒண்ணும் வேணாம். நீ சொல்லாதே. நானே பாக்கறேன்.”

அடுப்புக்குக் கீழே பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். கணவனும் வந்து நிலைப்படியில் சாய்ந்து, எண்ணெய்க் கையோடு வேடிக்கை பார்த்தான். ஒருவரும் உதவவில்லை. கடைசியில் கிடைத்தது, குனியவும் வேண்டாத, எக்கவும் வேண்டாத, மகளின் தோள் உயரத் தட்டில். மூடியில் விஸ்ஸன் கிழிபட்ட தடம் இன்னும் மங்கலாக இருந்தது. திறந்து ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புதான்.

அதற்கு ஒட்டினாற்போலப் பக்கத்தில் அதே உயரத்தில், அதே மூடியோடு, அச்சாக அதே போன்ற இன்னொரு டப்பா. அதைத் திறந்தாள். சர்க்கரை.

“இதான் அன்னைக்கு டீ கரிச்சுதா?”

“வெள்ளையா இருக்கறதெல்லாம் ஒரு எடம்” என்றான் கணவன். “எடுக்க வசதி.”

அவள் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். மேல்தட்டு காலியாகத்தான் இருந்தது. கை பழக்கத்தில் பாதி உயர்ந்து, நின்று, இறங்கியது. டப்பாவை மகளிடம் நீட்டினாள்.

“எங்க வைக்கலாம், நீயே பாரு.”

வாலு டப்பாவை வாங்கி, உப்பைப் பார்த்தாள், அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுப்பைத் தாண்டிப் போய், ஜன்னலோரம், கீழ்த்தட்டின் வலது கோடியில், நன்றாகக் குனிந்து வைத்துவிட்டு வந்தாள்.

“சரியாப் போச்சு” என்றான் அவன். “ஒண்ணு கெளம்புது, ஒண்ணு தயாராயிடுச்சு.”

ஹாலில் பெட்டியின் மூடி தானாகச் சரிந்து விழுந்தது. அவள் அதை மறுபடியும் திறந்து பார்க்கப் போனாள்.